திரும்பி வராத மெயில்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்குள் மூன்று பேர் டெல்சியின் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே பேசினார்கள். மூவரும் சொன்னது ஒரே விஷயம். ஆனால் ஒவ்வொருவரும் அது தனக்கு மட்டும் நடந்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். டூல் ரூம் இன்ஜினியர் குரலைத் தாழ்த்தி, "மேடம், ஒரு மெயில் வந்திருக்கு. நீங்க படிக்க வேணாம், டெலீட் மட்டும் பண்ண முடியுமா?" என்றார். அக்கவுண்ட்ஸிலிருந்து வந்தவர் லேப்டாப்பை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். மூன்றாவதாக வந்த குவாலிட்டி மேனேஜர், "எவனோ என் அக்கவுண்ட்ட ஹேக் பண்ணிட்டான். என் ஐடில இருந்தே எனக்கு மெயில் வருது" என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலேயே, "அதுல எழுதிருக்கறதெல்லாம் பொய்" என்றார்.

டெல்சிக்கும் அது வந்திருந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நீளமான மெயில். உன் போனின் கேமரா வழியாக மூன்று மாதமாக உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தனியாக இருக்கும்போது நீ என்ன பார்க்கிறாய், என்ன செய்கிறாய் என்பதெல்லாம் என்னிடம் வீடியோவாக இருக்கிறது, கீழே உள்ள வாலட்டுக்கு பிட்காயின் அனுப்பு, நான்கு நாளைக்குள் வரவில்லை என்றால் உன் போனில் இருக்கும் எல்லோருக்கும் அந்த வீடியோ போய்ச் சேரும். நம்பிக்கை வருவதற்காக, 'இந்த மெயில் உன் முகவரியிலிருந்தே வந்திருப்பதைப் பார்' என்றும் எழுதியிருந்தான். பொய் என்று முதல் வரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் 'மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்ற இடத்தில் ஒரு கணம் நின்றாள். பார்த்திருந்தால் என்ன பார்த்திருப்பான் என்று தோன்றியது. பாகலூர் ரோட்டு மாடிவீட்டில் ஒரு பெண் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பதை. சீரியலில் வருகிற மாமியாரிடம், "நீ சும்மா இரு" என்று அவள் பதில் சொல்வதை.

அந்தத் தொழிற்சாலை ஓசூர் சிப்காட்டில் இருந்தது. பிரேக்குக்கான வார்ப்புகள் செய்து, கடைந்து, எல்லையைத் தாண்டி பெங்களூருக்கும் அங்கிருந்து புனேவுக்கும் அனுப்புகிற நடுத்தரக் கம்பெனி. பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் மத்தூரிலிருந்து டேட்டா என்ட்ரிக்கு வந்தவள் டெல்சி. கம்ப்யூட்டர் நின்றுபோகும்போதெல்லாம் தானே நோண்டிச் சரிசெய்யப்போய், ஒரு கட்டத்தில் எல்லோருக்கும் 'சிஸ்டம் மேடம்' ஆகிவிட்டாள். இரண்டு முறை கல்யாணம் பேசி இரண்டும் நின்றுபோயின. கூடவே இருந்த அம்மா லூர்தம்மாள் போன வருடம் தவக்காலத்தில் இறந்தாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வருவதைத் தவிர, கம்பெனிக்கு வெளியே டெல்சி வாய்திறந்து பேசுவது காய்கறிக்காரரிடமும் கேஸ் சிலிண்டர் போடுகிறவரிடமும்தான்.

மதியத்துக்குள் கணக்கெடுத்தபோது பதினாலு பேருக்கு வந்திருந்தது. நிர்வாக மேனேஜர் மோகன்குமார் அவளைக் கூப்பிட்டார். அவருக்கும் வந்திருக்கிறது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"எல்லா மெயில்லயும் கீழ ஒரு பிட்காயின் நம்பர் இருக்குல்ல? அந்த நம்பர பிளாக் பண்ணிடுங்க. அந்த நம்பர் இருக்கற எந்த மெயிலும் உள்ள வரக்கூடாது. முடிஞ்சுது."

"பதினாலு மெயில்ல பதினோரு நம்பர் சார்."

"பதினொண்ணையும் பண்ணுங்க."

"நாளைக்கு வேற பதினொண்ணு வரும் சார். அது பேங்க் அக்கவுண்ட் மாதிரி இல்ல. ஒரு நிமிஷத்துல ஆயிரம் நம்பர் உண்டாக்கிக்கலாம். வெளிய இருந்து நம்ம பேர்ல வர்ற மெயில மொத்தமா நிறுத்தறதுதான் சரி. ஆனா அதுக்கு பெங்களூர் வெண்டர் வந்து செட்டிங் மாத்தணும். கேன்டீன் மெஷின், கேட்ல கைரேகை வெக்கற மெஷின் எல்லாம் வெளிய இருந்துதான் நம்ம பேர்ல ரிப்போர்ட் அனுப்புது. அதையும் சரிபண்ணணும். ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசமெல்லாம் முடியாது. இன்னிக்கு எதாவது பண்ணுங்க."

புதன்கிழமை மதியம் அவள் பண்ணினாள். நம்பர்களைத் தனித்தனியாகத் தடுப்பதில் பிரயோஜனமில்லை என்பதால், அவற்றின் உருவத்தைத் தடுத்தாள். வாலட் முகவரி என்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட கோவை. பேர் கிடையாது, ஊர் கிடையாது, ஆனால் அதற்கென்று ஒரு வடிவம் உண்டு. எப்படித் தொடங்கும், எத்தனை எழுத்து வரும் என்பதற்கு வரம்பு இருக்கிறது. அந்த வடிவத்தில் எது தென்பட்டாலும், உள்ளே வருகிற மெயிலோ உள்ளுக்குள்ளேயே போகிற மெயிலோ, யாருக்கும் போய்ச் சேராமல் தனியாக ஒரு பட்டியலில் நிற்கும். தினமும் காலையில் அவள் அதைத் திறந்து பார்த்து, நல்ல மெயிலை விட வேண்டும், கெட்டதை அழிக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை அந்தப் பட்டியலில் அறுபத்தெட்டு மெயில்கள் நின்றன. மோசடி மெயில் நான்கே நான்கு. மற்றவையெல்லாம் லாரி டிராக்கிங் நம்பர்கள், சப்ளையர்களின் பேட்ச் நம்பர்கள், யாரோ அனுப்பிய வரைபட லிங்க்குகள். ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றாள். அனுப்பியவர் ஆஞ்சப்பன், டிஸ்பேட்ச். பெறுபவரும் ஆஞ்சப்பன், டிஸ்பேட்ச்.

அவரை அவளுக்குத் தெரியும். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆள். லாரியில் ஏற்றுகிற பெட்டிகளை எண்ணிக் கையெழுத்துப் போடுகிறவர். பில் எல்லாம் ஆன்லைன் ஆனபோது இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கும் ஒரு மெயில் ஐடி கொடுத்து, போனில் போட்டுக்கொடுத்தது டெல்சிதான். தட்டச்சு வராது என்றார். மைக்கைத் தொட்டுப் பேசினால் தமிழிலேயே எழுதிக்கொள்ளும் என்று காட்டினாள். "நம்ம பேசறத அப்படியே எழுதுதா?" என்று ஆச்சரியப்பட்டு, "ஆஞ்சப்பன்" என்று மெதுவாகச் சொல்லி, எழுத்து வந்ததும் சிரித்தார்.

மெயிலின் அடியில் அந்த மோசடிக் கடிதம் முழுசாக ஒட்டியிருந்தது, வாலட் முகவரியோடு. அதற்கு மேலே, புள்ளியோ கமாவோ இல்லாமல், பேசியது பேசியபடி:

'அய்யா வணக்கம் நான் ஆஞ்சப்பன் டிஸ்க் பேச் செக்சன் உங்க லெட்டர போன்ல தமிழ்ல மாத்தி படிச்சன் அதுக்கு நேத்து எழுதுனத நீங்க அப்பவே திருப்பி அனுப்பிட்டீங்க கோவமா இருக்கீங்கன்னு தெரியுது அய்யா நான் தப்பு பண்ணல அப்பப்ப போன்ல வர்றத பாப்பன் மனுசன்தான எங்கூட யாரும் இல்ல என் போன்ல இருக்கற நம்பர் எல்லாம் கம்பெனி நம்பர்தான் ஒரே ஒரு நம்பர் முனிலட்சுமின்னு இருக்கும் அது என் பொண்ணு ஆனேக்கல்ல இருக்குது எங்கிட்ட பேசி ஆறு வருசம் ஆவுது அதுக்கு மட்டும் அனுப்பாதீங்க'

டெல்சி இரண்டு முறை படித்தாள். என்ன நடந்திருக்கிறது என்று புரிந்தது. மோசடிக்காரன் அவருடைய முகவரியையே அனுப்புநராகப் போட்டிருந்தான். அதற்கு இவர் பதில் போட்டால் அது இவருக்கே வரும். முதல் பதில் அப்படித்தான் உடனே திரும்பி வந்திருக்கிறது. முகத்தில் விட்டெறிந்துவிட்டான் என்று நினைத்துவிட்டார்.

உடனே டிஸ்பேட்ச்சுக்குப் போய் அவரிடம் சொல்லியிருக்கலாம். ஸ்டோர்ஸைத் தாண்டி இருநூறு அடி. எழுந்தும்விட்டாள். ஆனால் என்னவென்று சொல்வது? உங்கள் கடிதத்தைப் படித்தேன் என்றா? ஒரு பொம்பளை இதைப் படித்துவிட்டாள் என்று தெரிந்தால் அந்த மனுஷன் எப்படித் தலைநிமிர்ந்து நிற்பார்? உட்கார்ந்து, எல்லா ஊழியர்களுக்குமாக ஒரு சுற்றறிக்கை எழுதினாள். இது பொய்யான மெயில், யாரும் உங்களைப் பார்க்கவில்லை, யாரிடமும் வீடியோ இல்லை, பதில் போடாதீர்கள், பணம் அனுப்பாதீர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும். மாதிரிக்காக அந்த மோசடி மெயிலையும் அப்படியே கீழே ஒட்டினாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை சீட்டில் பையை வைப்பதற்கு முன்பே பட்டியலைத் திறந்தாள். நூற்றைம்பது மெயிலுக்கு மேல் நின்றது. அவள் தேடியது ஒரு பெயரை. இருந்தது. காலை ஐந்து நாற்பதுக்கு அனுப்பியிருந்தார்.

'அய்யா வணக்கம் முந்தாநேத்து அனுப்புனது திரும்பி வரல நேத்து பூரா பாத்தன் வரல அப்ப நீங்க படிச்சிருக்கீங்க ரொம்ப நன்றி உங்களுக்கு மனசு இருக்குது அய்யா ஒண்ணு கேக்கணும் மூணு மாசமா என்ன பாத்துகிட்டு இருக்கறதா எழுதிருக்கீங்க அப்ப ஆடி மாசம் நான் ஜுரத்துல கெடந்தத பாத்திருப்பீங்க நாலு நாள் எந்திரிக்க முடியாம கெடந்தன் மூணாவது நாள் தண்ணி குடத்துகிட்ட போறதுக்குள்ள வாசப்படில வுழுந்துட்டன் போன் அங்கதான் சுவத்துல சாச்சி வெச்சிருந்தன் நீங்க பாத்திருப்பீங்க அப்ப ஒரு வார்த்த எழுதி இருக்கலாம் ஒண்ணும் இல்ல சும்மா சொல்றன் யாரோ ஒருத்தருக்கு தெரிஞ்சிருக்குதே அதுவே போதும்'

அவள் வாசித்து முடித்ததும் திரையைச் சிறிதாக்கினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி பெரிதாக்கி வாசித்தாள். கடிதம் திரும்பி வராமல் போனதற்குக் காரணம் அவள் போட்ட தடை. அந்தத் தடையைத்தான் அவர் மனசு என்று எழுதியிருந்தார். சுற்றறிக்கையை இந்நேரம் படித்திருப்பார், இன்று ஷிப்டில் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று சமாதானம் செய்துகொண்டாள். அதற்குள் மோகன்குமார் போன் செய்தார். புனே கம்பெனியின் ஆர்டர் மெயில் ஒன்று நேற்றிலிருந்து வந்துசேரவில்லை என்று அங்கிருந்து கத்துகிறார்கள். பெயர் போட்டு அதைத் தேடி விடுவதிலேயே காலை போய்விட்டது; மற்றவை அப்படியே நின்றன. "உங்க ஃபில்டர் திருடன விட்டுட்டு நம்ம ஆளுங்களதான் புடிக்குது" என்றார். அது உண்மைதான். அன்றைக்கு வந்த பத்து மோசடி மெயில்களில் அந்த நம்பர் எழுத்தாகவே இல்லை. படமாக ஒட்டியிருந்தது. பத்துமே அவள் தடையைத் தாண்டி உள்ளே போய்விட்டன. "திங்கக்கெழம அத எடுத்துடுங்க" என்று சொல்லி போனை வைத்தார்.

எடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் அன்று மாலை வீட்டில் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, திங்கட்கிழமைக்குப் பிறகு அந்தக் கடிதங்கள் தனக்கு வராது என்று டெல்சி நினைத்துப்பார்த்தாள். அப்படி நினைத்ததற்காக அவளுக்கே அவள்மேல் வெறுப்பு வந்தது. கையில் சோப்பு நுரையோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மூன்றாவது கடிதம் இருந்தது. இதுவும் ஐந்து நாற்பதுக்கு.

'அய்யா இன்னிக்கு சாயங்காலத்தோட கெடு முடியுது நீங்க குடுத்த நம்பர பேப்பர்ல எழுதிகிட்டு பேங்க்குக்கு போனன் இது எங்க நம்பர் இல்லன்னுட்டாங்க செல்போன் கடைல காட்டுனன் சிரிக்கறாங்க எனக்கு அனுப்ப தெரில எங்கிட்ட அவ்வளவு இல்ல நீங்க நல்லவரு நான் சொன்னத கேட்டீங்க ஒண்ணு மட்டும் யோசிங்க நானே இல்லாம போயிட்டா அந்த வீடியோவ அனுப்பி உங்களுக்கு என்ன ஆவப்போவுது முனிலட்சுமிக்கு அனுப்பாதீங்க'

சுற்றறிக்கையை ஏன் படிக்கவில்லை? டெல்சி பட்டியலை மேலிருந்து கீழே இழுத்தாள். வியாழன் மாலை ஐந்து மணி என்ற இடத்தில் அவளுடைய பெயரே நின்றது. அனுப்பியவர் டெல்சி, பெறுபவர் அனைத்து ஊழியர்கள். மாதிரிக்கென்று ஒட்டிய மெயிலில் வாலட் முகவரி இருந்தது. அவள் போட்ட தடை அவளுடைய கடிதத்தையே பிடித்து நிறுத்தியிருந்தது. ஒருவருக்கும் போகவில்லை. நேற்றுக் காலை பட்டியலைத் திறந்ததும் அவள் ஒரே ஒரு பெயரைத்தான் தேடினாள். அந்தப் பெயருக்கு ஆறு வரி கீழேதான் இது இருந்திருக்கிறது.

அவர் போன் ஸ்விட்ச் ஆஃப். டிஸ்பேட்ச்சில், "அண்ணன் இன்னிக்கு வரல மேடம், லீவும் சொல்லல" என்றார்கள். எச்.ஆரில் இருந்த ஜோதிமணி அந்த வாரம் லீவு. பீரோ சாவி வேறொருவரிடம் இருந்தது. அவர் வந்து, ஃபைலைத் தேடி, முகவரியை எடுத்துக்கொடுக்க மணி பன்னிரண்டாகிவிட்டது. ஃபைலில் இருந்தது பழைய முகவரி. அங்கே போய் விசாரித்து, புது இடத்துக்கு வழி கேட்டு, மூக்கண்டப்பள்ளியில் அந்த லைன் வீடுகளைக் கண்டுபிடிக்கும்போது ஒன்றரை மணி. அத்தனை நேரமும் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டே அவள் ஜெபம் சொல்ல முயன்றாள். முதல் வரிக்கு மேல் போகவில்லை.

வரிசையாக ஆறு வீடு. முதல் வீட்டு வாசலில் ஒரு அம்மாள் கேழ்வரகு காயவைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரி ரங்கம்மா என்று பிறகு தெரிந்தது.

"ஆஞ்சப்பன் வீடு?"

"ஒளகே இதாரே" என்று கன்னடத்தில் சொல்லிக் கடைசிக் கதவைக் காட்டிய ரங்கம்மா, இவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினாள். "உள்ளாறதான் கீறாரு. ஊருக்குப் போறன்னு காலைல அரிசி பருப்பெல்லாம் எங்கிட்ட குடுத்துட்டாரு. எப்ப வருவீங்கன்னா ஒண்ணும் சொல்ல மாட்டங்கறாரு. நீ யாரும்மா, அவரு பொண்ணா?"

டெல்சி கடைசிக் கதவுக்கு நடந்தாள். தட்டினாள். பதில் இல்லை. உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். "ஆஞ்சப்பண்ணா, கம்பெனில இருந்து டெல்சி வந்திருக்கறேன், சிஸ்டம் டெல்சி. கதவத் தொறங்க."

தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்கிறவரை அவள் கையை எடுக்கவில்லை.

அவர் சலவைச் சட்டை போட்டு, தலை வாரியிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரே அறை. தரை துடைத்துக் காய்ந்திருந்தது. பாத்திரமெல்லாம் கழுவி வரிசையாகக் கவிழ்த்திருந்தது. பாய் சுருட்டி மூலையில் நின்றது. சுவரில் சாய்த்து வைத்த போனின் கேமராமேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது.

"லோடு எதாவது தப்பா போயிட்டுதா மேடம்?" என்றார்.

"இல்லண்ணா. அந்த மெயில் பொய்."

அவர் கதவைச் சாத்தப் பார்த்தார். அவள் காலை உள்ளே வைத்துவிட்டாள்.

"எந்த மெயிலு?"

"உங்களுக்கு வந்தது. பதினாலு பேருக்கு வந்திருக்கு. மோகன்குமார் சாருக்கு வந்திருக்கு. எனக்கும் வந்திருக்கு. பாருங்க." தன் போனைத் திறந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவளே அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் அந்த மெயிலைப் பலமுறை பார்த்துப் பார்த்து, வரிகள் எங்கே முடியும், எங்கே இடைவெளி வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் நின்றார்.

"இந்த நம்பர் மட்டும் வேற" என்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வார்ப்புப் பெட்டி மேலே எழுதுகிற மாதிரி நாலு நாலு எழுத்தாகப் பிரித்து, அந்த வாலட் முகவரியை அழகாக எழுதியிருந்தார்.

"நம்பர் மட்டுந்தான் மாறும்ணா. மத்ததெல்லாம் ஒரே லெட்டர். லட்சம் பேருக்குப் போடறாங்க. பத்து பேரு பயந்து பணம் கட்டினாப் போதும் அவங்களுக்கு. கவர்மேல அனுப்புநர்னு யார் பேர வேணா எழுதலாம்ல? அந்த மாதிரிதான் உங்க பேர எழுதி உங்களுக்கே போட்டிருக்கான். நீங்க பதில் போட்டா அது உங்களுக்கேதான் திரும்பி வரும். உங்க போன அவன் தொடவே இல்ல. கேமரா கெடையாது, வீடியோ கெடையாது. அவனுக்கு நீங்க யாருன்னே தெரியாது."

"செவ்வாக்கெழமையே உங்க ரூம் வரைக்கும் வந்தன்" என்றார் அவர். "உள்ள ஆளுங்க பேசிகிட்டு இருந்தாங்க. பொம்பளைங்ககிட்ட எப்பிடிக் கேக்கறதுன்னு போயிட்டன்."

"கேட்டிருக்கலாம்."

"முனிலட்சுமிக்குப் போகாது?"

"யாருக்கும் போகாது."

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். தாளை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். டெல்சி எதிர்பார்த்தது ஒரு பெருமூச்சை, ஒரு சிரிப்பை, அழுகையையாவது. அவர் ரங்கம்மாவின் கேழ்வரகையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அப்ப யாரும் பாக்கலயா மேடம்?"

"யாரும் பாக்கலண்ணா."

"ஆடி மாசங்கூடவா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமலே புரிந்துகொண்டதைப் போல, "ம்" என்றார். பிறகு ஏதோ நினைவுக்கு வந்து நிமிர்ந்தார். "நான் அனுப்புனதெல்லாம் உங்களுக்கு எப்பிடி… எனக்கே திரும்பி வரும்னீங்க. மொதல்லதுதான் வந்துச்சு. மத்த மூணும் வரல. எங்க போச்சு?"

இதற்கு ஒரு பொய் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்துவைத்திருந்தாள். சர்வரிலேயே அழிந்துபோயிற்று என்று. நான் பார்த்தது பெயர் பட்டியலை மட்டும்தான் என்று.

"எங்கிட்ட வந்துச்சு" என்றாள். "அந்த மாதிரி நம்பர் இருக்கற மெயிலெல்லாம் நிறுத்தறதுக்கு நான் ஒரு ஃபில்டர் போட்டிருந்தேன். உங்க பதில்ல கீழ அந்த நம்பர் இருந்துச்சு. அதனால நின்னுடுச்சு."

"நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"மூணையுமா?"

"மூணையும். வியாழக்கெழமையே வந்து சொல்லியிருக்கணும். சொல்லல. ஒரு சர்க்குலர் போட்டேன், அதுவும் நின்னுடுச்சு. நேத்துக் காலைல வந்ததும் மொதல்ல அடுத்த லெட்டர் வந்திருக்கான்னுதான் பாத்தேன்." கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தபடி சொன்னாள். "தப்புண்ணா. என்மேலதான் தப்பு."

அவர் எழுந்து உள்ளே போனார். சுவரைப் பார்த்தபடி நின்றார். சலவைச் சட்டையின் முதுகில் வியர்வை பரவியிருந்தது. அவள் போய்விடலாமா என்று நினைத்தாள். போவதற்கும் பயமாக இருந்தது. இந்தக் கதவு மறுபடி சாத்தப்படுவதை அவளால் தாங்க முடியாது என்று தோன்றியது. பையில் போன் அடித்தது. மோகன்குமார். அடிக்க விட்டுவிட்டாள்.

உள்ளே கவிழ்த்துவைத்த பாத்திரங்களில் ஒன்றை நிமிர்த்தும் சத்தம் கேட்டது. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். "குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க." அவள் குடித்தாள். அவர் சுவரோரம் குனிந்து போனை எடுத்து, நகத்தால் டேப்பைச் சுரண்டினார். பிசின் போகவில்லை. வேட்டி முனையால் துடைத்துப் பார்த்துவிட்டு அப்படியே அலமாரியில் வைத்தார்.

"சாயங்காலம் ஊருக்குப் போறீங்களா?" என்று கேட்டாள். கேட்கும்போது அவள் கண்கள் அவர் முகத்தை விட்டு நகரவில்லை.

"ஊர்ல யாரு இருக்கறாங்க?" என்றார். கவிழ்த்த பாத்திரங்களைத் திரும்பிப் பார்த்து, "அரிசிய அந்தம்மாகிட்ட திருப்பிக் கேக்கணும். என்னான்னு சொல்றது?" என்றார்.

"நான் கேட்டு வாங்கித் தர்றேன்."

அவர் மறுபடி படியில் உட்கார்ந்தார். அவள் ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு, படியின் மறுமுனையில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் இரண்டு பேர் உட்காரலாம் போல இடம் இருந்தது.

"அது வாசப்படின்னு எழுதிருப்பன்" என்றார் அவர், தெருவைப் பார்த்து. "வாசப்படி இல்ல. அதுக்கு முன்னாலயே வுழுந்துட்டன். தோ, அந்தக் கொடத்துக்கும் பாயுக்கும் நடுவுல. பேசும்போது அவசரத்துல வாசப்படின்னு வந்திடுச்சு."

"எவ்வளவு நேரம் கெடந்தீங்க?"

"வுழும்போது நல்லா வெளிச்சம். அப்பறம் பாத்தா…"

முதல் ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ் ஒன்று இரைச்சலோடு மெயின் ரோட்டில் திரும்பியது. ஜன்னலோரமாகத் தூங்கிக்கொண்டு போகும் தலைகள். அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் வேறொரு கம்பெனியின் வெள்ளை பஸ். இனி கால்மணி நேரத்துக்கு வந்துகொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு பஸ் வரும்போதும் அவர் வாயை மூடிக்கொண்டார். அது கடந்து, சத்தம் அடங்கி, தூசி கீழே இறங்குகிறவரை காத்திருந்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.